அடுப்படியில் தொடங்கும் குப்பை மலை

சென்னை பெருங்குடியில் 225 ஏக்கர். கொடுங்கையூரில் 340 ஏக்கருக்கும் மேல். தலைநகரம் பல பத்தாண்டுகளாகத் தின்றது, உடைத்தது, கிழித்தது, தூக்கிப் போட்டது எல்லாம் இந்த இரண்டு வளாகங்களில்தான் மலைமலையாகக் குவிந்தது. இப்போது அந்த மலைகளைக் கரைக்கும் வேலை நடக்கிறது. பெருங்குடிக்குச் சுமார் 350 கோடி ரூபாய், கொடுங்கையூருக்குச் சுமார் 640 கோடி ரூபாய் என்று திட்ட மதிப்பீடு. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஆயிரம் கோடி.

அந்தப் பணத்தில் நடக்கும் வேலைக்கு ‘பயோமைனிங்’ என்று பெயர். பொக்லைன் இயந்திரம் பழைய குப்பையைக் கிளறிப் போடும். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, ஈரமும் நாற்றமும் அடங்கும் வரை காயவிடுவார்கள். பிறகு ராட்சதச் சுழல் சல்லடைகளில் கொட்டிச் சலிப்பார்கள். மண் ஒரு பக்கம் விழும், கல்லும் கண்ணாடியும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் கந்தல் துணியும் இன்னொரு பக்கம். மண் பள்ளம் மேடாக்கப் போகும். எரியக்கூடியவை சிமென்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாகப் போகும். ஆக, ஆயிரம் கோடி ரூபாய் செலவில் மாநகராட்சி செய்துகொண்டிருப்பது குப்பையைப் பிரிக்கும் வேலை. முருங்கைக்காய்ச் சக்கை வேறு, ஷாம்பு பாக்கெட் வேறு என்று அந்தந்த வீட்டு அடுப்படியில், அன்றன்றைக்கே, காசு செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

சுற்றுச்சூழலுக்காக வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மூங்கில் பிரஷ், துணிப்பை, எல்.இ.டி. பல்பு, மாடித்தோட்டம், செம்புக் குடம். எதுவும் தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டால், எதைச் செய்தாலும் பலன் ஒன்றுதான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. முதலில் எது, பிறகு எது என்று ஒரு முறை உண்டு. முதலிடம் ஈரக் குப்பையைத் தனியாக வைப்பதற்குத்தான். அது நடந்துவிட்டால், வீட்டில் மிஞ்சும் மற்றவற்றில் பெரும்பகுதி விலை போகும் சரக்காகிவிடும். அது நடக்காத வீட்டில் மற்ற முயற்சிகளெல்லாம் பாதி வீண்.

ஈரம் செய்யும் கேடு

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. நம் நாட்டு நகரங்களில் வீட்டுக் குப்பையில் பாதியளவோ அதற்கு மேலோ ஈரக் குப்பைதான். காய்கறித் தோல், கீரைத் தண்டு, மிஞ்சிய சோறு, டீத்தூள், வாழையிலை, சாமிக்குப் போட்ட பூ. தனியாக விட்டால் இரண்டு மாதத்தில் மண்ணாகிவிடக்கூடிய அப்பாவிப் பொருட்கள் இவை. மற்றதோடு கலக்கும்போதுதான் வில்லங்கம்.

சாம்பார் கொட்டிய செய்தித்தாளைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுக்க மாட்டார். தயிர் வழிந்த அட்டைப்பெட்டிக்கு விலை இல்லை. ஒரு கைப்பிடி ஊசிப்போன சோறு, அதே வாளியில் கிடக்கும் நல்ல காகிதம் முழுவதையும் உதவாததாக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், கீரைத் தண்டோடு போன பேட்டரியும் உடைந்த சி.எஃப்.எல். பல்பும் உரமாக வேண்டியதை நஞ்சாக்கிவிடுகின்றன. இரண்டு பக்கமும் நட்டம்.

பல வீடுகளில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் திணித்து, நாற்றம் வராமலிருக்க இறுக்கி முடிச்சுப் போட்டு வெளியே வைப்பது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். அந்த முடிச்சுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும் சோறும் காயும் மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. குப்பைமேட்டில் அடுக்கடுக்காக இப்படிப்பட்ட மூட்டைகள் புதையும்போது உள்ளே வாயு சேர்கிறது, வெப்பம் ஏறுகிறது. கோடையில் ஒரு பொறி போதும்.

2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து, சுற்றுவட்டாரம் நாள் கணக்கில் புகையில் மூழ்கியது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம். அங்கே தீ அடங்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. இலங்கையில் நடந்தது இன்னும் கொடுமை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து அடிவாரத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பண்டிகைக்காக வீட்டில் கூடியிருந்தவர்கள். அந்த மலையில் இருந்தது ஆலைக் கழிவோ அயல்நாட்டுக் கழிவோ அல்ல. ஊர் மக்கள் நாள்தோறும் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வெளியே அனுப்பிய குப்பைதான்.

பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்புக்கு, குப்பைமேடு எரிந்த அதே 2022ஆம் ஆண்டில்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. பூநாரையும் கூழைக்கடாவும் வந்திறங்கும் நீர்நிலை. மழை பெய்தால் குப்பையில் ஊறிய கருஞ்சாறு வடிந்து போகும் திசையும் அதுதான்.

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது ஒவ்வொரு வீட்டாரின் கடமை என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. ஈரத்துக்குப் பச்சைத் தொட்டி, உலருக்கு நீலத் தொட்டி எல்லாம் வந்தன. ஆனாலும் காலையில் பேட்டரி வண்டி தெருவுக்குள் நுழையும்போது, பல வாசல்களில் இன்னமும் ஒரே வாளிதான் வெளியே வருகிறது.

ஒரு மண்பானையின் அறுபது நாள்

‘அடுக்ககத்தில் இருக்கிறோம், உரம் போட இடமேது?’ என்பது வழக்கமான மறுமொழி. அதற்கு இரண்டடி இடம் போதும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஈரக் குப்பை சேரும். அதற்கு மூடியுள்ள இரண்டு பெரிய மண்பானைகள் வேண்டும், அல்லது பெயின்ட் வாளிகள். பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்க வேண்டும், அடியிலும் இரண்டு மூன்று. பால்கனியில் நேர் வெயிலும் மழையும் படாத மூலையில் வைத்துவிடலாம். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் நாரையோ காய்ந்த சருகையோ பரப்ப வேண்டும். அதன் மேல் அன்றைய காய்கறிக் கழிவு. அதை மூடும் அளவுக்கு மறுபடியும் சருகோ மரத்தூளோ தென்னைநார்த் தூளோ. மறுநாள் இதே போல் இன்னொரு அடுக்கு. முதல் வாரத்தில் ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேகம் பிடிக்கும்.

சூட்சுமமெல்லாம் அந்தச் சருகில்தான். அடுப்படிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகிலும் மரத்தூளிலும் கரிமம் அதிகம். நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருக்கும்போது நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். சருகு குறைந்தால் பானை சொதசொதவென்று ஆகி, காற்றோட்டம் அடைபட்டு நாற ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்கள் முயற்சியைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மருந்து எளிது: இரண்டு கைப்பிடி சருகு போட்டு ஒரு குச்சியால் அடிவரை கிளறிவிட்டால், ஓரிரு நாளில் நாற்றம் ஓய்ந்துவிடும். வெண்புழுக்கள் தென்பட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அவை ஒருவகை ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று வேலையை விரைவுபடுத்துகின்றன. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே இன்னும் கொஞ்சம் சருகைப் போட்டு மூடிவிடலாம். மீன் முள், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு இவற்றைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. தேங்காய் ஓடும் மாங்கொட்டையும் மக்க வெகுகாலம் பிடிக்கும், அவையும் வேண்டாம்.

முதல் பானை நிறையும்போது இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நிறைந்த பானையைச் சில நாளைக்கொருமுறை கிளறிக்கொண்டிருந்தால் ஐம்பது, அறுபது நாளில் உள்ளே போட்டது எதுவென்று அடையாளம் தெரியாது. கறுத்த பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் உதிரும் தூளாக இருக்கும். பானை நிறையப் போட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். துளசித் தொட்டிக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் போட்டு மிச்சமிருந்தால் தெருவோர மரத்தடியில் கொட்டலாம்.

வாரத்துக்கு ஏழு கிலோ, ஆண்டுக்கு முந்நூற்று அறுபது கிலோவுக்கும் மேல். ஒரே ஒரு வீடு குப்பை வண்டிக்குக் கொடுக்காமல் நிறுத்தக்கூடிய அளவு இது. உரம் போட நேரமே இல்லாதவர்கள் தனியாக வைத்துப் பச்சைத் தொட்டியில் கொடுத்தால்கூடப் போதும். பிரித்துக் கொடுப்பது கட்டாயம். உரமாக்குவது விருப்பமும் வசதியும் உள்ளவர்களுக்கு.

ஒரு ஊர் முழுக்கச் செய்தால்

இதெல்லாம் ஒன்றிரண்டு ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் கேரளத்தின் ஆலப்புழையைப் பார்க்க வேண்டும். நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் ஈயும் தாங்காமல் 2012இல் அந்தக் கிராம மக்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். குப்பை போக வழியில்லாமல் தெருக்களும் கால்வாய்களும் நாறின. வேறு ஓர் ஊரைத் தேடிப் போவதை விட்டுவிட்டு, அவரவர் குப்பையை அவரவர் வீட்டிலேயே முடிப்பது என்று நகரம் முடிவெடுத்தது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் முன்னின்றார். இடமுள்ள வீடுகளுக்கு மானியத்தில் சிறு உயிர்எரிவாயுக் கலன்கள். இடமில்லாதவர்களுக்கு, மண்ணில் செங்குத்தாக நடும் இரண்டு பி.வி.சி. குழாய்கள், ஒன்று நிறையும்போது மற்றது. அதுவும் முடியாதவர்களுக்குத் தெருமுனையில் காற்றோட்டமான உரத்தொட்டிகள். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்மூழி பண்ணையில் உருவான முறை அது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களைப் பட்டியலிட்டபோது ஜப்பானின் ஒசாகா, மலேசியாவின் பினாங்கு இவற்றோடு ஆலப்புழையும் இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கைபட்ட ஊரும் உண்டு. வேலூர் சீனிவாசன் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது ஒன்றுதான்: குப்பையைத் தாமதிக்காமல் அன்றன்றைக்கே வீடு தேடிப் போய் வாங்கு, வாங்கியதும் வகைவகையாகப் பிரி. சத்தீஸ்கர் மாநிலம் அம்பிகாபூர் நகரம் அவர் வகுத்த வழியில் இறங்கியது. சுய உதவிக் குழுவைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கிப் பிரித்து விற்கிறார்கள். ஊரின் 16 ஏக்கர் குப்பைக் கிடங்கு மூடப்பட்டுப் பூங்காவாகிவிட்டது. இந்தூரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை எரிவாயுவாக மாற்றும் ஆலை 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே இயந்திரத்தைவிட முக்கியமானது, அதற்குள் போகும் குப்பையை வீடுகள் பிரித்தே கொடுக்கின்றன என்பது.

சென்னைக்கும் இது புதிதல்ல. 1989இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவாசிகளே மாதச் சந்தா போட்டு மூன்று சக்கர வண்டியில் குப்பை வாங்கும் முறையைப் பல பகுதிகளில் பரப்பியது. அந்தப் பழக்கம் மாநகரம் முழுக்க வேர்பிடித்திருந்தால், இன்றைக்குக் கொடுங்கையூரில் இத்தனை கோடி கொட்ட வேண்டியிருந்திருக்காது.

காயலான் கடைதான் உரைகல்

ஈரம் விலகிவிட்டால் மிச்சமிருப்பது உலர் குப்பை. அதில் எது மறுசுழற்சிக்குப் போகும், எது போகாது? பொட்டலத்தின் மேல் அச்சிட்ட முக்கோண அம்புக்குறியைப் பார்த்து முடிவு செய்வதைவிடத் தெருமுனைக் காயலான் கடையில் கேட்பது மேல். கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொண்டால் அது உண்மையிலேயே இன்னொரு பொருளாக மாறப் போகிறது. ‘இது வேணாம்’ என்று ஒதுக்கிவிட்டால் அது கடைசியில் மலைக்கோ சூளைக்கோதான் போகும். உலக அளவில் பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆகிறது என்று ஓ.இ.சி.டி. அமைப்பு 2022இல் கணக்கிட்டது. அந்த ஒதுக்கலின் உலகக் கணக்கு அது.

செய்தித்தாள், அட்டை, தண்ணீர் பாட்டில், இரும்பு, அலுமினியம், எண்ணெய் கேன் இவற்றை எடுத்துக்கொள்வார். கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டையும் எடுப்பார். அதில் ஒரு சின்ன விஷயம். பாக்கெட்டின் மூலையை முழுவதுமாக வெட்டி எறியாமல், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். துண்டாகிப் போகும் அந்த விரல்நக அளவு முக்கோணம் யார் கையிலும் சிக்காது. சாக்கடைக்கும் மண்ணுக்கும் போய்ச் சேரும். ஒரு வீட்டில் தினம் இரண்டு பாக்கெட் என்றால், ஆண்டுக்கு எழுநூற்றுச் சொச்சம் துண்டுகள்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் இவற்றைக் காயலான் கடையில் தொடவே மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பல அடுக்குத் தாள் அது, எளிதில் பிரித்தெடுக்க முடியாது. பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் யோசனை நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுடையது. பெரிய பாட்டில் வாங்க வக்கில்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு அது ஷாம்பு கிடைக்கச் செய்தது என்பதை மறுக்க முடியாது. தினக்கூலியில் ஒரு பாக்கெட் வாங்குபவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. மாதச் சம்பளக்காரர்கள், மளிகைப் பட்டியல் போட்டு வாங்குபவர்கள் சரம் சரமாகப் பாக்கெட் வாங்கத் தேவையில்லை. அவர்களுக்குப் பெரிய பாட்டில் உண்டு, சிகைக்காய் உண்டு.

திருப்பிக் கொடுத்தால் காசு என்றால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022இல் அங்கேதான் தொடங்கியது. காட்டில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடி, கடைக்குத் திரும்ப ஆரம்பித்தது. குடிநீர், குளிர்பான பாட்டிலுக்கும் இதே முறையை மாநிலம் முழுக்கக் கொண்டுவர வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

மஞ்சப்பையும் 131 முறையும்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், மேஜை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. ஒரு காலத்தில் கையில் மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று பார்த்த நகரத்தில் இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் துணிப்பை வாங்குவதோடு கடமை முடியவில்லை. பருத்தி விளைய நிறையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்க, நெய்ய மின்சாரம் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை ஈடுகட்ட அதை 131 முறை பயன்படுத்தியாக வேண்டும். வாரம் இரண்டு முறை சந்தைக்கு எடுத்துப் போனால் ஒன்றேகால் ஆண்டு. ஆகவே புதுப்புதுத் துணிப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்குவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உதவி ஆகாது. இருக்கும் இரண்டு பைகளை வண்டியின் பெட்டியிலும் அலுவலகப் பையிலும் நிரந்தரமாக வைத்திருப்பதுதான் உதவி. கிழிந்த புடவை, பழைய வேட்டியில் தைத்த பைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அந்தப் பருத்தி ஏற்கெனவே ஒரு வாழ்நாள் உழைத்துவிட்டது.

கல்யாண வீடுகளில் கொடுக்கும் தாம்பூலப் பையையும் இங்கே சொல்லியாக வேண்டும். துணி போலவே தோற்றமளிக்கும் பல பைகள் உண்மையில் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். ஒரு மூலையைத் தீயில் காட்டினால் உருகிச் சுருண்டுவிடும். நெய்யாத அந்தப் பையும் 2019 தடைப்பட்டியலில் இடம்பெற்றது. ஐந்நூறு பேருக்குத் தாம்பூலம் கொடுக்கும் குடும்பம், அச்சகத்தில் பை சொல்லும்போது ‘பருத்தியா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் ஐந்நூறு பிளாஸ்டிக் பைகள் ஒரே நாளில் குறையும்.

குப்பையாகும் முன்பே

பிரிப்பதற்கும் முந்திய படி ஒன்று உண்டு: குப்பையே சேராமல் பார்த்துக்கொள்வது. 2024இல் வந்த ஐ.நா. உணவு விரய அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 79 கிலோ. நாம் குறைவுதான் என்று திருப்திப்பட ஒன்றுமில்லை. நால்வர் குடும்பத்துக்கு 220 கிலோ ஆகிறது. பாய்ச்சிய தண்ணீர், கொட்டிய உழைப்பு, எரித்த எரிவாயு, கொடுத்த காசு அத்தனையும் அதோடு போகிறது.

நம் சமையலில் இதற்குப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, பரங்கி விதையை வறுத்துத் தின்பது, மிஞ்சிய சோற்றில் வடாம், இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையது. பாட்டிமார் வீட்டில் காய்கறியின் எந்தப் பகுதியும் எளிதில் வாசலைத் தாண்டாது. அரிசி களைந்த கழுநீர்கூட மாட்டுத் தொட்டிக்குப் போனது. இன்றைக்கு மாடு இல்லை, செடி இருக்கிறது. ஆழாக்கு எடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து உலை வைக்கும் பழக்கம் ஒன்று திரும்பினாலே மீந்து கொட்டுவது பெருமளவு குறையும். கண்ணளவில் அள்ளிப் போட ஆரம்பித்த பிறகுதான் ஃபிரிட்ஜில் டப்பா டப்பாவாக மிச்சம் சேர்ந்தது.

பார்சல் வாங்கும்போது எவர்சில்வர் தூக்கைக் கொண்டுபோவதும் இதே ரகம். ஒரு செட் இட்லிக்கு இரண்டு சட்னி, ஒரு சாம்பார் என்று மூன்று பிளாஸ்டிக் பொட்டலங்கள் வருகின்றன. பாத்திரம் நீட்டினால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை. கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார்கள்.

போகிப் பண்டிகையும் கணக்கில் வர வேண்டும். பழையன கழிக்கிறோம் என்று டயரும் பிளாஸ்டிக் பாயும் எரித்ததில், 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுதளம் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம், விமானங்கள் தடைபட்டன. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளுக்கு அந்த விடியல் எப்படி விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரும் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரும் எரிக்காமல் கழிக்கும் வழியைத்தான் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கைகள்

எந்தப் பட்டியலிலும் கடைசியாக வருவது, ஆனால் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது, அந்த வாளியை வாங்கும் தூய்மைப் பணியாளரின் கை. கலந்து கொடுத்த குப்பையை யாராவது பிரித்துத்தான் ஆக வேண்டும். வீட்டார் பிரிக்காததை அவர் பிரிக்கிறார். ஊசிப்போன குழம்புக்குள் விட்ட கையில் உடைந்த டம்ளரோ, சர்க்கரை நோயாளி போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசியோ குத்துகிறது.

பயன்படுத்திய நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் இதே வாளியில்தான் போகின்றன. அவற்றைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கடை நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக், மக்காது. துணி நாப்கினோ, பல ஆண்டு உழைக்கும் மாதவிடாய்க் குப்பியோ ஒத்துக்கொள்பவர்களுக்கு அது நல்ல மாற்று. ஒத்துக்கொள்ளாதவர்களைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்க வேண்டியதில்லை, சுற்றிக் கொடுத்தால் போதும். உடைந்த கண்ணாடியை அட்டையில் பொதிந்து ‘கண்ணாடி’ என்று எழுதுவதற்கு அரை நிமிடம். ஊசியை மூடியுள்ள ஒரு பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் தனியாகக் கொடுக்கலாம். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மாத்திரை இவற்றுக்கென்று வீட்டில் ஒரு பழைய டப்பா ஒதுக்கிவிட்டால் அது நிறையவே பல மாதம் ஆகும்.

இவ்வளவையும் செய்த வீட்டார் கேட்கும் ஒரு கேள்வியில் நியாயம் இருக்கிறது: ‘நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?’ சில தெருக்களில் அப்படி நடப்பது உண்மை. அது வீட்டார் பிரிப்பதை நிறுத்தக் காரணம் ஆகாது, கேள்வி கேட்கக் காரணம். வண்டிக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. இரண்டு தடுப்புள்ள வண்டியைக் கொடுக்க வேண்டியது அவர் அல்ல. திடக்கழிவு விதிகளின்படி பிரித்த குப்பையைப் பிரித்தே எடுத்துப் போவது உள்ளாட்சியின் பொறுப்பு. சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சிப் புகார் எண் 1913க்குப் பேசலாம். மற்ற ஊர்களில் வார்டு உறுப்பினரும் நகராட்சிச் சுகாதார ஆய்வாளரும் இருக்கிறார்கள். நாளைக் காலை இரண்டு வாளிகளை வாசலில் வையுங்கள். அவை ஒன்றாகக் கொட்டப்பட்டால் அன்றே புகார் செய்யுங்கள், பக்கத்து வீட்டாரையும் செய்யச் சொல்லுங்கள்.